தீர்மானப் புத்தகம் யார் கையில்?

ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம். இந்தியாவில் இந்தக் கணக்கைச் சட்டமாக்கியது 1860ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டம். இலக்கியத்துக்காகவோ அறிவியலுக்காகவோ அறப்பணிக்காகவோ கூடுகிற ஏழு பேர், தங்கள் நோக்கம் இன்னது என்று எழுதிக் கையெழுத்திட்டுப் பதிவாளரிடம் கொடுத்துவிட்டால், அந்தக் கூட்டத்துக்குச் சட்டத்தின் கண்ணில் ஓர் உருவம் கிடைத்துவிடும். எவ்வகைச் சங்கங்களைப் பதியலாம் என்று அச்சட்டம் தருகிற பட்டியலில் நூலகங்களும் வாசக சாலைகளும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆக, ஊர்கூடிப் படிப்பதும் ஊர்ச் சங்கத்துக்குக் கணக்கு எழுதுவதும் இந்த நாட்டில் ஒரே காகிதத்தில் இடம்பிடித்தவை.

அதே சட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய இன்னும் இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்று, நிர்வாகக் குழுவில் இருப்பவர்களின் பெயர், முகவரி, தொழில் ஆகியவை அடங்கிய பட்டியலை ஆண்டுதோறும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். இன்னொன்று, மூன்று மாதத்துக்கு மேல் சந்தா பாக்கி வைத்தவருக்கு ஓட்டு இல்லை. அவர் உறுப்பினராகவே எண்ணப்பட மாட்டார். பெண் என்ற சொல் இந்த இரண்டு விதிகளிலும் எங்கும் வரவில்லை. வரவும் தேவையில்லை. தனக்கென்று கையில் காலணா இல்லாதவளை, தொழில் என்ற கட்டத்தில் எழுத எதுவும் இல்லாதவளை வெளியே நிறுத்த வாசலில் பலகை மாட்ட வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் வாசிப்பு பரவிய வரலாற்றை நாம் பெரும்பாலும் புத்தகத்தின் பயணமாகவே சொல்லி வந்திருக்கிறோம். புத்தகம் ஊருக்கு வந்தது, வீட்டுக்கு வந்தது, கடைசியாகப் பெண்ணின் கைக்கும் வந்தது என்பது அந்தக் கதை. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வாசக சாலையிலேயே இன்னொரு நூலும் இருந்தது. சங்கத்தின் தீர்மானப் புத்தகம். அதோடு வரவு செலவுப் பேரேடு, உறுப்பினர் பதிவேடு, ஆண்டறிக்கை. இவை எப்போது பெண்ணின் கைக்கு வந்தன? வந்தபோது அதிகாரமாக வந்தனவா, இன்னொரு வீட்டுவேலையாக வந்தனவா? வாசிப்பு இயக்கங்களின் வரலாற்றை இந்தக் கேள்வியோடு மறுபடி படித்துப் பார்க்கலாம்.

திண்ணைக்கு வெளியே

1931 நம் நூலக வரலாற்றில் முக்கியமான ஆண்டு. எஸ்.ஆர். ரங்கநாதனின் நூலகவியல் ஐந்து விதிகள் அந்த ஆண்டில்தான் வெளிவந்தன. மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை என்பவர் வடிவமைத்த மாட்டுவண்டி நூலகம் கிராமங்களை நோக்கிக் கிளம்பியதும் அதே ஆண்டில்தான். 1928இல் உருவான சென்னை நூலகச் சங்கம் இந்த முயற்சிகளுக்கெல்லாம் முதுகெலும்பாக இருந்தது. விடுதலைக்குப் பின், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலாகும் என்று அது ஏற்பாடு செய்தது. புரவலரின் தயவை நம்பி நின்ற நூலகம், மக்கள் வரியில் நடக்கிற நூலகமானது. இது சாதாரண மாற்றமல்ல.

ரங்கநாதன் பெண்களை மறந்தவரல்லர். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்ற இரண்டாம் விதியை விளக்கும்போது, ஆணுக்குக் கிடைப்பது பெண்ணுக்கும் கிடைக்க வேண்டும் என்று தனியாகவே வாதிட்டிருக்கிறார். ஆனால் ஊரில் நடந்தது வேறு. மாலை ஆறு மணிக்குத் திறக்கிற வாசக சாலை, அடுப்பு மூட்டுகிற நேரத்தில் திறக்கிற வாசக சாலை. அது கடைத்தெருவிலோ பேருந்து நிறுத்தத்திலோ இருந்தது. அங்கே ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள்.

திராவிட இயக்கத்தின் படிப்பகங்கள் இந்தப் பழக்கத்தை மூலைமுடுக்கெல்லாம் கொண்டு சென்றன. முடிதிருத்தகம், தேநீர்க்கடை, தையற்கடை என்று ஆண்கள் கூடுகிற இடமெல்லாம் படிக்கிற இடமானது. பள்ளிக்கூடம் போக விடப்படாத சாதிகளைச் சேர்ந்த ஆண்கள் காதால் கேட்டே அரசியல் படித்தார்கள். தமிழ்ச் சமூகத்தில் இதைவிடப் பெரிய வாசிப்பு இயக்கம் நடந்ததில்லை என்றுகூடச் சொல்லலாம். பெண் விடுதலையை இந்த அளவுக்குப் பேசிய வாசிப்பு இயக்கமும் வேறில்லை. ஆனால் 1929 செங்கல்பட்டு மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்ட இயக்கத்தின் படிப்பகத் திண்ணையில், அந்தத் தீர்மானம் படிக்கப்பட்டபோது எத்தனை பெண்கள் உட்கார்ந்திருந்திருக்க முடியும்? பெண்ணைப் பற்றிப் படித்தார்கள். பெண்ணோடு உட்கார்ந்து படிப்பதற்கு இடம் அமையவில்லை.

படிப்பகத்தின் வரவு செலவு சிட்டையும் அந்தத் திண்ணையில்தான் எழுதப்பட்டது. சந்தா கொடுத்தவர் யார், நாளிதழ்ப் பாக்கி எவ்வளவு, அடுத்த கூட்டத்துக்கு யாரைப் பேச அழைப்பது என்பதெல்லாம் அங்கே முடிவாயின. இப்படிச் சிட்டை எழுதிப் பழகியவர்கள்தாம் பின்னாளில் கிளைச் செயலாளர்களாக, ஊராட்சித் தலைவர்களாக, கூட்டுறவுச் சங்க இயக்குநர்களாக உயர்ந்தார்கள். நாளிதழ் வாசிப்பு அவர்களுக்கு உலகத்தைக் காட்டியது. ஊரை நடத்தக் கற்றுக் கொடுத்தது சிட்டை.

தாங்களே நடத்திய சபைகள்

இதற்கு மாறான ஒரு மரபும் அதே காலத்தில் சென்னையில் முளைத்தது. சென்னை மாகாணத்தின் தொடக்ககாலப் பெண் பட்டதாரிகளில் ஒருவரான சகோதரி சுப்புலட்சுமி, 1912இல் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். பெண்கள் கூடுவதற்கும் சொற்பொழிவு கேட்பதற்கும் ஓர் இடம். கூடவே இளம் விதவைகளின் கல்விக்கு ஓர் ஆதரவு. 1917 மே மாதம் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா, அன்னி பெசன்ட் ஆகியோர் அதன் தொடக்கத்தில் இருந்தார்கள். ஊருக்கு ஊர் கிளைகள் வந்தன. எழுதப் படிக்க வகுப்பு, தையல் வகுப்பு, முதலுதவிப் பயிற்சி எல்லாம் அங்கே நடந்தன.

இந்தக் கிளைகள் என்ன செய்தன என்ற அறிக்கைகள் சங்கத்தின் இதழான ஸ்த்ரீ தர்மாவில் அச்சாயின. இந்தச் சிறு விவரத்துக்கு நாம் போதிய மதிப்புக் கொடுத்ததில்லை என்று நினைக்கிறேன். கிளை அறிக்கை எழுதுவது என்றால் என்ன? இத்தனை பேர் கூடினோம், இதைப் பேசினோம், இவ்வளவு பணம் சேர்ந்தது, இதற்குச் செலவானது என்று ஒரு பெண் இன்னொரு ஊர்ப் பெண்ணுக்குப் பதில் சொல்வது. கணவருக்கும் மாமியாருக்கும் மட்டுமே பதில் சொல்லிப் பழகியவர்களுக்கு இது புதிய இலக்கணம். அதே சங்கத்தின் முயற்சியோடு 1917 டிசம்பரில், சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு பெண்கள் குழு மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. 1921இல் சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. 1927இல் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் அமர்ந்து, அதன் துணைத் தலைவருமானார். மகஜர் எழுதுவது, தீர்மானம் முன்மொழிவது, வழிமொழிவது ஆகிய பழக்கங்கள் மாதர் சபைகளில் தேய்த்துத் தேய்த்துப் பழகியவை.

ஆனால் அந்த வாக்குரிமைக்குச் சொத்துத் தகுதி இருந்ததையும் அந்தச் சபைகளில் கூடியவர்கள் பெரும்பாலும் வசதியான, உயர்சாதி வீட்டுப் பெண்கள் என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. தீர்மானப் புத்தகம் பெண்ணின் கைக்கு வந்தது உண்மை. எந்தப் பெண்ணின் கைக்கு என்பதும் வரலாறுதான்.

இதே காலத்தில் வை.மு. கோதைநாயகி தனியாளாக நின்று ஒரு வாசிப்பு இயக்கத்தையே நடத்தினார். ஐந்து வயதில் திருமணமானவர், பள்ளிக்கூடம் அறியாதவர். அவருடைய முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக் கொடுத்தார். 1925 முதல் ஜகன்மோகினி இதழை ஏற்று நடத்தினார். நூற்றுக்கு மேல் நாவல்கள் எழுதினார். நாவலாசிரியராக அவரைப் பேசுகிறோம். விடுதலைப் போராட்ட வீராங்கனையாகவும் பேசுகிறோம். ஒரு மாத இதழை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிற்காமல் நடத்துவதற்கு என்னென்ன பேரேடுகள் வேண்டும் என்பதை மட்டும் பேசுவதில்லை. சந்தாதாரர் முகவரிப் பட்டியல், தபால் செலவு, காகிதக் கடன், ஏஜென்டு பாக்கி. இவை இல்லாமல் ஜகன்மோகினி ஒரு வீட்டின் கூடத்துக்குக்கூடப் போய்ச் சேர்ந்திருக்காது.

புதுக்கோட்டையில் நடந்தது

அடுத்த பெரிய அலை வர அறுபது ஆண்டுகள் ஆயின. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த வேகத்தில் தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கம் எழுந்தது. 1991 மக்கள்தொகைக் கணக்கின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 51.33 விழுக்காடு. அதாவது ஏறக்குறைய இருவரில் ஒருத்திக்கு எழுத்து தெரியாது.

புதுக்கோட்டையில் அறிவொளி 1991இல் தொடங்கி, 1992 ஆகஸ்டில் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்ற அறிவிப்பில் போய் நின்றது. மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் ஊர் ஊராகப் பாட்டும் நாடகமுமாகச் சென்றார்கள். கற்றவர்களில் மட்டுமல்ல, கற்பித்த தொண்டர்களிலும் பெண்கள் ஏராளம். மைதானங்களில் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிளைத் தங்கள் விடுதலையின் கருவியாக எடுத்துக்கொண்டதைப் பற்றிப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியது உலகெங்கும் படிக்கப்பட்டது.

சைக்கிள் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. கல் குவாரி பற்றி அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஒப்பந்தக்காரர்களிடம் கூலிக்குக் கல் உடைத்த பெண்களின் குழுக்களுக்கே குவாரிகளைக் குத்தகைக்கு விடும் முயற்சி அந்த மாவட்டத்தில் நடந்தது. நேற்றுவரை சம்மட்டி பிடித்தவர்கள் இன்று குத்தகைதாரர்கள். அப்போது எழுத்து வேறு பொருள் கொண்டது. எத்தனை லோடு போனது, நடைச்சீட்டில் எத்தனை எழுதியிருக்கிறது, குத்தகைப் பணம் எவ்வளவு கட்டினோம், ரசீது எங்கே என்று கேட்டு வாங்குவதற்கான எழுத்து அது. பாடப் புத்தகத்தில் வருகிற எழுத்தும் கணக்குச் சிட்டையில் வருகிற எழுத்தும் ஒன்றே என்று அந்தப் பெண்கள் கண்டுகொண்டார்கள். ஒப்பந்தக்காரர்கள் எரிச்சலடைந்ததில் வியப்பில்லை.

அதே ஆண்டுகளில் ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில், தூபகுண்டா என்ற ஊரில் இன்னொன்று நடந்தது. எழுத்தறிவுப் பாடநூலில் சாராயக் கடையைப் பெண்கள் சேர்ந்து மூடிய கதை ஒன்று இருந்தது. அதைப் படித்த பெண்கள் தங்கள் ஊரில் அதையே செய்தார்கள். அது மாநிலம் முழுவதும் பரவி, 1993இல் ஆந்திர அரசு சாராயத்தைத் தடைசெய்ய வேண்டி வந்தது. படித்தார்கள், கூடினார்கள், முடிவெடுத்தார்கள். இந்த மூன்றும் அடுத்தடுத்து நடக்கும்போதுதான் வாசிப்பு, இயக்கமாகிறது.

ஆனால் அறிவொளியின் நிர்வாக அமைப்பைப் பாருங்கள். மாவட்ட அளவில் அதை நடத்தியது பதிவு செய்யப்பட்ட ஒரு சங்கம்தான். அதன் தலைவர், பதவி வழியாக மாவட்ட ஆட்சியர். இந்த ஏற்பாட்டில் நன்மை இருந்தது. அரசு இயந்திரம் முழுவதும் இரவு வகுப்புக்கு வேலை செய்தது. ஆனால் ஆட்சியர் மாறுவார், திட்டக் காலம் முடியும், நிதி நிற்கும். லாந்தர் விளக்கைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போன பெண் தொண்டர்கள் அந்தச் சங்கத்தின் தொண்டர்களாக இருந்தார்கள்; அதன் கையெழுத்து அதிகாரம் அவர்களிடம் இல்லை. இயக்கம் வடிந்தபோது அவர்கள் கையில் மிஞ்சியது நினைவும் சான்றிதழும். அந்த நாட்களின் ஒளியையும் அது அணைந்ததன் துக்கத்தையும் ச. தமிழ்ச்செல்வன் ‘இருளும் ஒளியும்’ நூலில் எழுதியிருக்கிறார்.

2006க்குப் பின் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் கட்டப்பட்ட நூலகங்களுக்கும் இதே கதைதான் நேர்ந்தது. கட்டடம் வந்தது, புத்தகம் வந்தது. அதை நடத்துகிற ஊர்க்குழு வரவில்லை. பல ஊர்களில் அவை பூட்டிக் கிடக்கின்றன. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவரை ஒருவர் கைகாட்டுகிறார்கள்.

இருபது என்ற எண்

1989இல் தருமபுரியில் தொடங்கிப் பின்னர் மகளிர் திட்டமாக விரிந்த சுய உதவிக் குழுக்கள், தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்களைப் பெருந்தொகையாக எழுத்தோடு கட்டிப் போட்டன. ஒரு குழுவில் 12 முதல் 20 பேர். ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, வருகைப் பதிவேடு, தனிநபர் சேமிப்புப் புத்தகம். தமிழ் வரலாற்றில் இத்தனை பேரேடுகள் பெண்கள் பெயரில் இதற்கு முன் இருந்ததில்லை.

அந்த 20 ஏன் என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. 20 பேருக்கு மேல் போனால் பதிவு செய்தாக வேண்டும் என்ற சட்டத் தேவையைத் தவிர்க்கவே குழுவின் அளவு அப்படி வரையறுக்கப்பட்டது. பதிவின் தொல்லை பெண்களுக்கு வேண்டாம் என்பது அதன் நல்லெண்ணம். ஆனால் விளைவைப் பாருங்கள். ஊர்க் கோயில் கமிட்டியும் மனமகிழ் மன்றமும் ரசிகர் மன்றமும் பதிவு எண்ணோடு நிற்க, லட்சக்கணக்கான பெண்களின் கூட்டம் மட்டும் சட்டத்தின் வாசலுக்கு ஓரடி முன்பாகவே நிறுத்தப்பட்டது. வங்கியும் திட்ட அலுவலகமும் கேட்கிற கணக்கை அவர்கள் எழுதினார்கள். தங்களுக்கு வேண்டிய கணக்கை மற்றவர்களிடம் கேட்கிற நிலை வரவில்லை.

முதுகலை மாணவிகளிடம் அவரவர் ஊர்க் குழுவின் தீர்மானப் புத்தகத்தைப் படித்து வரச் சொல்வதுண்டு. சங்க இலக்கியம் படிக்கிற கண்ணோடு அதையும் படியுங்கள் என்பேன். அவர்கள் கொண்டுவரும் முதல் செய்தி, அதில் பாதியை எழுதியது தாங்கள்தான் என்பது. அம்மா ஊக்குநர், எழுத்து மகளுடையது. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே எழுதி வந்ததாகச் சொல்லுவார்கள். இரண்டாவது, எல்லாப் பக்கத்திலும் ஒரே வாக்கியம்: ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. தீர்மானித்தது யார், எதிர்த்தது யார், கோபித்துக்கொண்டு எழுந்து போனது யார் என்று ஒன்றும் இல்லை. எழுவாய் இல்லாத தமிழ் அது. மூன்றாவது, சில பக்கங்களில் கையெழுத்துகள் மட்டும் இருக்கின்றன. மேலே வெறும் தாள். முதலில் கையெழுத்து, பிறகு தேவைக்கேற்பத் தீர்மானம்.

கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு வந்ததைக் கொண்டாடினோம். வெற்றுத் தாளில் போடப்படும் கையெழுத்துக்கும் கைநாட்டுக்கும் என்ன வேறுபாடு? பெண்களில் பலர் பதிவு அலுவலகத்தின் படியேறியதே அண்ணன் தம்பிகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கத்தான். படித்துக் காட்டாமல், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடும் பழக்கம் அங்கிருந்து குழுவுக்கும் வருகிறது. குழுவிலிருந்து ஊராட்சிக்கும் போகிறது. தலைவி நாற்காலியில் இருக்க, கணவர் காசோலைப் புத்தகத்தோடு அலைகிற காட்சியை எல்லா மாவட்டத்திலும் பார்க்கலாம்.

மார்ச் முடிந்ததும்

இன்று ஒரு சிறு ஊரில் பெண்கள் சேர்ந்து ஒரு வாசிப்பு மன்றமோ குழந்தைகள் நூலகமோ தொடங்கி, அதைச் சங்கமாகவும் பதிந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் அவர்களுக்குப் பொருந்துவது 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டம். அது 1978இல் நடைமுறைக்கு வந்தது. மார்ச் 31 அன்று கணக்காண்டு முடியும். ரசீதுகளை அடுக்கிக் கணக்கை முடித்துத் தணிக்கைக்குக் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் ஆண்டுப் பொதுக்குழுவைக் கூட்டி, கணக்கைப் படித்து ஒப்புதல் வாங்க வேண்டும். பிறகு மாவட்டப் பதிவாளரிடம் கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகிகள் மாறியிருந்தால் படிவம் 7. நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை வேண்டுமானால் அதற்குத் தனிப் பதிவு. அதையும் இப்போது ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வெளிநாட்டு நன்கொடை ஏதாவது வந்தால், 2020க்குப் பிறகு அந்தப் பணம் புதுதில்லியில் உள்ள ஒரே வங்கிக் கிளைக் கணக்கு வழியாகத்தான் வர முடியும். டிசம்பர் 31க்குள் அதற்கும் ஆண்டுக் கணக்கு.

விதிகள் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஊரார் பணத்துக்குக் கணக்குக் கேட்பது நியாயம். அந்த நியாயம் இல்லாவிட்டால் பெண்களின் சேமிப்பைத்தான் முதலில் யாராவது தின்பார்கள். சிக்கல் மொழியிலும் நேரத்திலும் இருக்கிறது. தணிக்கை அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது. இணையதளத்தில் ஏற்றுவதற்குக் கடவுச்சொல்லும் கைப்பேசிக்கு வரும் எண்ணும் வேண்டும். அந்தக் கைப்பேசி எண் பல சங்கங்களில் செயலாளரின் கணவருடையதாகவோ தணிக்கையாளர் அலுவலகத்து உதவியாளருடையதாகவோ இருக்கிறது. தமிழில் நாவல் படிக்கிற, கவிதை எழுதுகிற பெண், தன் சங்கத்தின் ஐந்தொகையைப் படிக்க முடியாமல் இன்னொருவரிடம் நீட்டுகிறாள். புதிய கைநாட்டு என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆண்களும் பெண்களும் கலந்த இலக்கிய அமைப்புகளில், ஊர் அறக்கட்டளைகளில், குடியிருப்போர் சங்கங்களில் ‘நீங்க அழகா எழுதுவீங்கம்மா’ என்று சொல்லிப் பெண்ணிடம் குறிப்பேட்டைக் கொடுப்பார்கள். அவள் கூட்ட அறிவிப்பு எழுதுவாள், நாற்காலிக்குச் சொல்லுவாள், ரசீது ஒட்டுவாள், தீர்மானத்தைத் திருத்தி எழுதுவாள். தலைவர் மேடையில் இருப்பார். ஆண்டறிக்கையில் நன்றி சொல்லும் பத்தியில் அவள் பெயர் வரும். வீட்டில் சமைக்கிறவள் கடைசியில் சாப்பிடுகிற அதே ஒழுங்கு இங்கும். 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாலை நேர வகுப்பெடுத்த தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. தொண்டு என்று வரும்போது பெண்ணின் நேரத்துக்கு நாம் போடுகிற விலை அதுதான்.

ஆகவே தீர்மானப் புத்தகத்தைப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டால் போதும் என்று முடித்துவிட முடியவில்லை. மறுக்கப்பட்டால் அது அதிகாரம். திணிக்கப்பட்டால் அதுவே ஏவல். எழுதுகிறவளுக்கு முடிவெடுக்கும் உரிமை இருக்கிறதா, படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கிற உரிமை மற்றப் பெண்களுக்கு இருக்கிறதா என்பவைதாம் இரண்டையும் பிரிக்கின்றன.

வாசிப்பு வட்டங்களுக்கு ஒரு வேண்டுகோள்

இன்று மாவட்டம்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. ஊருக்கு ஊர் பெண்கள் வாசிப்பு வட்டங்கள் வைத்திருக்கிறார்கள். மாதம் ஒரு நாவல், ஒரு கட்டுரை நூல் என்று பேசுகிறார்கள். இது நூறாண்டு உழைப்பின் பலன். அந்த வட்டங்கள் ஆண்டுக்கு ஒரு கூட்டத்தை இன்னொரு வகைப் பிரதிக்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறது. தங்கள் அமைப்பின் விதிமுறைகளை எல்லோரும் கேட்கும்படி உரக்கப் படியுங்கள், படிப்பகத் திண்ணையில் நாளிதழ் படித்ததைப் போல. சென்ற ஆண்டின் வரவு செலவைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். பொதுக்குழுவை, பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டிய நேரத்தில் வைக்காதீர்கள். எழுதும் பொறுப்பை ஆண்டுதோறும் மாற்றுங்கள். நன்றாக எழுதத் தெரியாதவளும் ஓராண்டு எழுதட்டும், எழுத்துப் பிழை இருந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. தணிக்கைக் கட்டணம் கொடுப்பதைப் போலக் கணக்கெழுதும் பெண்ணுக்கும் கொடுங்கள். வெற்றுத் தாளில் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள்.

தீர்மானங்களை எழுவாயோடு எழுதுங்கள். இன்னார் முன்மொழிந்தார், இன்னார் மறுத்தார், இன்ன காரணம் சொன்னார் என்று இருக்கட்டும். ஒருமனதாக நடக்காததை ஒருமனதாக என்று எழுத வேண்டாம். நூறாண்டு முன்பு மாதர் சபைக் கிளைகளிலிருந்து அறிக்கை அனுப்பிய பெண்களில் பலருடைய பெயர்கூட நமக்குத் தெரியாது. அடுத்த நூற்றாண்டில் நம்மைத் தேடப்போகிற ஓர் ஆய்வு மாணவிக்கு நம் கவிதைத் தொகுப்புகள் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பதிவாளர் அலுவலகக் கோப்பில், உறுப்பினர் பட்டியலில், நம் பெயரும் நாம் பேசியதும் அவளுக்குக் கிடைக்கட்டும். தொழில் என்ற கட்டத்தையும் காலியாக விடாமல் நிரப்பிவிட்டு மேலே கையெழுத்திடுங்கள்.